ஒண்ணும் கேக்கல

ஜூலை 28, தூத்துக்குடி

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் நான் இல்லை. டாக்டர் வடிவம்மை எழுதச் சொல்லியிருக்கிறார். காதுக்குள் விசில் மாதிரிச் சத்தம் வந்தால் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று குறித்துக்கொண்டு அடுத்த மாதம் வர வேண்டுமாம். அவர் காது மூக்கு தொண்டை டாக்டர். நான் போனது தொண்டைக்கு. அவர் பிடித்துக்கொண்டது காதை.

சரி, குறித்துக்கொள்ளுங்கள் டாக்டர். காலையில் விசில் கேட்டது. பக்கத்து வீட்டுக் குக்கர். மத்தியானமும் கேட்டது. அதே குக்கர். அந்த வீட்டில் பருப்பு வேகவே வேகாது போலிருக்கிறது.

டைரி ஓர் அரிசி மண்டியில் புது வருடத்துக்குக் கொடுத்தது. பாதி வருடம் வெறும் தாளாகப் போய்விட்டது. விசிலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாததால் என்னைப் பற்றி எழுதி மீதியை நிரப்புகிறேன். என் பெயர் டெல்பின் மச்சாடோ. 'இடிதாங்கி' என்று ஒரு ராக் பேண்ட் இருந்தது. ஒரு காலத்தில் எங்கள் படம் ஒட்டாத கல்லூரி விடுதி கிடையாது. அந்தப் படத்தில் பாதித் தலையை மழித்துக்கொண்டு, பேஸ் கிட்டாரை மண்வெட்டி மாதிரி தூக்கிப் பிடித்து, வாயைப் பிளந்து நிற்பாளே ஒருத்தி, அது நான். அந்தப் பாதி மொட்டையைப் பார்த்து அம்மா பங்குச் சாமியாரிடம் ஓடினாள். 'கரண்ட் போச்சு' நான் எழுதி நான் பாடிய பாட்டு. நான் 'கரண்ட்' என்று நிறுத்தினால் மைதானமே 'போச்சு' என்று முடிக்கும். விமானத்தில் போனோம். ஓட்டல் அறையில் பழத்தட்டு வைத்திருப்பார்கள், தொடக்கூட நேரம் இருக்காது.

இப்போது ஓர் ஆம்னி வேன், ஒரு மரக் கிட்டார், இரண்டு ஸ்பீக்கர், ஓர் இன்னாசி. இன்னாசி பேண்டில் டிரம்ஸ் வாசித்தவன். எங்கள் தெருக்காரன், சின்ன வயதில் என்னோடு கோயிலில் புதுநன்மை எடுத்தவன். பழைய பீரோ பலகையை அறுத்து ஒரு பெட்டி அடித்து வைத்திருக்கிறான். அதன்மேலேயே குந்திக்கொண்டு அதையே கையால் தட்டுவான். பெட்டி போதும், முழு டிரம்ஸ் வேண்டாம். கல்யாணம், திருவிழா, பள்ளி ஆண்டுவிழா என்று யார் கூப்பிட்டாலும் வேனில் ஏறிவிடுவோம். பிடித்த கடையில் நிறுத்திப் புரோட்டா சாப்பிடுவோம். 'எப்படி இருந்தவங்க, பாவம்' என்று யாராவது உச்சுக்கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் விழுந்தவள் இல்லை, இறங்கி வந்தவள். சந்தேகம் இருந்தால் முழங்காலைப் பார்க்கட்டும், சிராய்ப்பு இருக்காது.

ஜூலை 29

பக்கத்து வீட்டில் எல்லோரும் நாகர்கோவிலுக்குப் போயிருக்கிறார்களாம். குக்கர் அடித்தது. மாடி வீடாக இருக்கும்.

ஆகஸ்ட் 3, கோவில்பட்டி

கல்யாண வரவேற்பு. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி ஏதேதோ கேட்டாள். எல்லாவற்றுக்கும் சிரித்து வைத்தேன். கடைசியில் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. இன்னாசி பிறகு சொன்னான், அவள் தன் வீட்டுக்காரர் செத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். இந்தக் காலத்து ஆட்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். என் பாட்டி இருந்தால் வாயில் மிளகாயைத் தேய்த்திருப்பாள்.

மேடையிலும் ஒரு கூத்து. பெண்ணின் தாய்மாமா என் இடது பக்கமாக வந்து காதோடு ஏதோ சொன்னார். புதுசாப் பாடுங்க என்று கேட்டது. சந்தோஷமாகப் புதுப் பாட்டை எடுத்து, மண்டபத்தின் ஓடு பறக்கிற மாதிரி பாடினேன். வேனில் ஏறியதும் இன்னாசி ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். அவர் மெதுவாப் பாடச் சொன்னாராம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நெஞ்சில் வால்வு வைத்திருக்கிறதாம்.

மண்டபத்து ஸ்பீக்கர் சரியில்லை, அதுதான் காரணம் என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான். அது ஆட்டக்காரிக்குச் சொன்ன பழமொழி, நான் பாட்டுக்காரி என்று சொல்லி வாயை அடைத்தேன்.

இன்னாசிக்கும் வயதாகிறது. எங்கே போனாலும் என் வலது பக்கமே வந்து நிற்கிறான். பாட்டு தொடங்கும்போது காலை என் கால்மேல் வைத்துத் தட்டுகிறான். என் செருப்பு பாழாகிறது.

ஆகஸ்ட் 7

ஹரிகேஷ் போன் செய்தான். எங்கள் பேண்டின் லீட் கிட்டார். இப்போது சினிமாவுக்கு இசையமைக்கிறான். டிவி பாட்டுப் போட்டியில் சோபாவில் உட்கார்ந்து, குழந்தைகள் பாடினால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

என் போனில் சத்தம் சரியாக வருவதில்லை. அதனால் இன்னாசியிடம் கொடுத்தேன். அவன் கேட்டுக் கேட்டுச் சொன்னான். இடிதாங்கிக்கு இருபத்தைந்து வருடமாம். செப்டம்பர் கடைசியில் சென்னையில் பெரிய மைதானத்தில் எல்லோரும் ஒன்றாக மேடையேற வேண்டுமாம். டெல்பி இல்லாமல் இடிதாங்கி இல்லையாம். அது அவனுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

நான் பேண்டை விட்டு வந்தது உலகத்துக்கே தெரிந்த கதை. ஒரு முகக்கிரீம் கம்பெனிக்கு என் பாட்டை விற்றான் ஹரி. 'கரண்ட் போச்சு, கறுப்பு போச்சு' என்று பாட வேண்டுமாம். அதுவும் நான், இந்த நிறத்தை வைத்துக்கொண்டு. ஹெட்போனைக் கழற்றி அவன் டீயில் போட்டுவிட்டு ஸ்டுடியோவை விட்டு வந்தேன். படிக்கட்டு இறங்குவதற்குள் இன்னாசி குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

"வாரேன்னு சொல்லு. ஆனா ஒடனே சொல்லாத" என்றேன். இன்னாசி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். வெகுநேரம் பேசினான். திரும்பி வந்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றான். தட்டில் வைத்த தோசையைச் சாப்பிடாமல் போய்விட்டான். தோசை நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 10

கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய பேஸ் கிட்டாரை எடுத்துத் துடைத்தேன். தூசி இருந்தது, அதனால்தான்.

ஆகஸ்ட் 17, பெரியமணல்

இந்த நாளை எழுதாமல் தூங்க மாட்டேன். கடற்கரையோரத்துச் சின்ன ஊர். மாதா கோயில் திருவிழா. சப்பரம் வந்து சேர்ந்தபின் சாயங்காலம் கச்சேரி. கமிட்டித் தலைவர் கொரைரா அண்ணன் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு எங்களை மேடை ஏற்றினார். மணலில் பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. பெரிய மைதானத்தில் முன்னால் இருட்டுத்தான் தெரியும். இங்கே முதல் வரிசையில் ஒருத்தி குழந்தைக்கு இட்லி ஊட்டுவது தெரிகிறது. இட்லியைத் துப்பிவிட்டு அந்தக் குழந்தை என்னைப் பார்த்தால், அதுதான் விருது.

'கரண்ட் போச்சு' எடுத்தேன். இன்று மேடையில் நல்ல அமைதி. பாட்டு வெளியே போகாமல் என் எலும்புக்குள்ளேயே ஓடுகிற மாதிரி இருந்தது. முடித்ததும் ஊரே எழுந்துவிட்டது. ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர் என்று ஒரே கத்தல். சிலர் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்கள். காதுக்கு அவ்வளவு இனிமை. இன்னொரு தடவை பாடினேன். மறுபடியும் ஒன்ஸ்மோர். பெண்கள் கையை உயர்த்தி ஆட்டினார்கள். கொரைரா அண்ணன் சந்தோஷத்தில் ஏதோ வயரைக் கையில் பிடித்துக்கொண்டு மேடைக்குக் கீழே குதித்தார். மூன்றாவது தடவையும் பாடினேன். அதன் முடிவில் எழுந்த கைத்தட்டலில் பந்தல் கொட்டகை அதிர்ந்தது.

இன்னாசிதான் கெடுத்தான். இரண்டாவது தடவை தாளத்தையே நிறுத்திவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டுப் பாடினேன். ஒரே பாட்டுக்கு மூன்று தடவை மேடை கிடைப்பது யாருக்கு வாய்க்கும்? ஹரியின் சோபாவுக்கு வாய்க்குமா?

ஆகஸ்ட் 18

வழியெல்லாம் இன்னாசி பேசவில்லை. பொறாமை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 19

தம்பி மனைவி சிரிப்புப் பொம்மைகளோடு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். பெரியமணல் மேடை. யாரோ போனில் எடுத்து, கீழே எழுத்து ஓடவிட்டிருக்கிறார்கள். எனக்குப் போனில் சத்தம் பிடிபடுவதில்லை, எழுத்தைப் படித்தேன்.

ஊர்: ஒண்ணும் கேக்கல! ஒண்ணும் கேக்கல!
அக்கா: இதோ, இன்னொரு தடவ!

முதல் தடவை பாடத் தொடங்கியதுமே ஸ்பீக்கர் வயர் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. மைக் செத்துவிட்டது. ஊர் கத்தியிருக்கிறது. நான் கையைக் கூப்பிக் கூப்பிப் பாடியிருக்கிறேன். கொரைரா அண்ணன் கையில் இருந்தது அந்த வயர். மூன்றாவது தடவை பாதியில் அதை மாட்டியிருக்கிறார்கள். கடைசிக் கைத்தட்டல் வயருக்கு.

இன்னாசி வீட்டுக்குப் போனேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். போனை நீட்டினேன். அவன் பார்க்கவில்லை, முன்பே பார்த்திருக்கிறான். ஏன்ல சொல்லல என்று கேட்டேன். வாளியை வைத்துவிட்டு எனக்கு நேரே வந்து, என் வலது பக்கமாக நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னான்.

"சொன்னேன்ட்டி. ரெண்டு வருசமா சொல்லுதேன். ஒனக்குக் கேக்கல."

ஆகஸ்ட் 20

அது குக்கர் இல்லை.

ஆகஸ்ட் 22

டாக்டர் வடிவம்மை என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். வெளியே நர்ஸ் கை அசைகிறபோதெல்லாம் அழுத்தினேன். நர்ஸ் கெட்டிக்காரி. நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. சோதனை இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முடிந்துவிட்டது என்று வந்து கதவைத் திறந்தாள்.

இடது காது அநேகமாக இல்லை. வலது பாதி. போனது திரும்பாது. மெஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் பிடிபடும், பாட்டு தகரம் மாதிரிதான் இருக்கும். மேடையில் உங்கள் இடது பக்கம் என்ன இருந்தது என்று டாக்டர் கேட்டார். ஹரியின் ஆம்ப்ளிஃபையர் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. பிறகு அழுகையும் வந்தது. அதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

இனிமேல் சத்தத்தை விட்டு ஒதுங்கி அமைதியாக இருங்கள் என்றார். அமைதிக்கு என்ன குறைச்சல் டாக்டர், வண்டி வண்டியாக இருக்கிறது. விசில் பற்றி எழுதினீர்களா என்று கேட்டார். முதல் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நல்ல மனுஷி.

ஆகஸ்ட் 26

ஹரி காரில் வந்திறங்கினான். தெருவில் பாதிப் பேர் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்திருந்தான், தூத்துக்குடிக்காரிக்குத் தூத்துக்குடி மக்ரூன்.

இன்னாசி வாசலில் வைத்துப் பேசியது என்ன என்று இன்றுதான் வெளியே வந்தது. ஹரி அன்றைக்கே அவனிடம் சொல்லியிருக்கிறான். கோவில்பட்டிக் கல்யாணப் பாட்டை யாரோ அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் சுருதி தவறுகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் சென்னையில் நான் பாட வேண்டாமாம். பழைய ரெக்கார்டில் இருக்கும் என் குரலை ஓடவிடுவானாம். நான் நின்று வாயசைத்தால் போதுமாம். இப்போது பெரியமணல் வீடியோ வேறு ஊரெல்லாம் சுற்றுகிறது. உனக்குத்தான் இது மரியாதை என்றான். அவன் கெட்டவனாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"உன்னோட குரல்தான் டெல்பி. வேற யாரோடதும் இல்ல."

"அது ஒரு முப்பது வயசுப் பொண்ணோட குரல். அவளக் கூட்டிட்டு வா, பாடுவா. நான் யாருக்கும் வாயசைக்க மாட்டேன், எனக்கே ஆனாலும்."

மக்ரூன் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கோபம் வேறு, மக்ரூன் வேறு. அவன் வேறு யாரையாவது வைத்துப் பாடட்டும், பாட்டில் ஓர் எழுத்து மாறக் கூடாது, என் பழைய குரலைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அவன் போனபின் இன்னாசி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒனக்குப் போகணுமால என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே ஆமாம் என்றான். பெரிய டிரம்ஸ் முன்னால் இன்னொரு தடவை உட்கார ஆசையாக இருக்கிறதாம். நீ போகல்லைன்னா நானும் போகல்ல என்று அவன் சொல்லியிருந்தால் நான் உருகியிருப்பேன். அவன் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னான். போய்த்தொலை என்றேன். மக்ரூனில் பாதியைக் கட்டிக்கொடுத்தேன்.

செப்டம்பர் 1

இன்னாசி ரயிலேறினான். பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். வீடு அமைதியாக இருக்கிறது என்று எழுத வந்தேன். இல்லை, விசில் இருக்கிறது.

செப்டம்பர் 8

மெஷின் வந்துவிட்டது. சாம்பல் நிறத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், முடிக்குள் மறைந்துவிடும் என்றார்கள். சிவப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது.

நேரே முடிதிருத்தும் கடைக்குப் போனேன். ஆண்கள் கடை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். வலது பக்கம் முழுக்க மழித்துவிடுங்கள், இடது பக்கம் இருக்கட்டும் என்றேன். கடைக்காரருக்குக் கை வரவில்லை.

"வேண்டுதலாம்மா?"

"ஆமாண்ணே. பாதி வேண்டுதல்."

மழித்த பக்கத்தில் மெஷினை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். நரைத்த ஒரு பாதி, சிவப்பு விளக்கு எரிகிற ஒரு பாதி. ஐம்பத்து நாலு வயதில் இதைவிட நல்ல தலை கிடைக்காது. தெருமுனையில் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது, எனக்குக் கேட்டது. அந்த ஆட்டோக்காரரைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் பயந்துபோய் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 14, தென்காசி

வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் ஆண்டுவிழா. இரண்டு மாதத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டது. வர முடியாது என்று சொல்ல விரல் எழவில்லை. வேனை நானே ஓட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியை அடிக்கடி பார்த்து ஓட்டினேன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறானா என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

முதல் பாட்டு சரியாக வரவில்லை. மெஷின் வழியாகக் கிட்டார் கேட்டால் ஆணிகளைத் தட்டில் கொட்டுகிற மாதிரி இருக்கிறது. கழற்றினால் கிணறு. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் மரியாதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கோவில்பட்டிப் பந்தியில் நான் அப்படித்தான் சிரித்தேன்.

பாட்டை நிறுத்தினேன். செருப்பைக் கழற்றினேன். மேடை பழைய மரப்பலகை. மைக்கில் சொன்னேன்: எனக்குக் காது கேட்காது, நீங்கள் தட்டுவதும் கேட்காது, அதனால் எல்லோரும் மேடையைச் சுற்றி வந்து பலகையில் கையால் தட்டுங்கள், நான் காலால் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒருத்தியும் அசையவில்லை. பிறகு தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு குண்டுப் பெண் எழுந்து வந்து பலகையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரை ஏறியது. அடுத்து எல்லோரும் வந்தார்கள்.

கிட்டாரின் உடம்பைத் தாடை எலும்பில் அணைத்துக்கொண்டேன். சுருதி எலும்பில் வந்தது. எவ்வளவு சரியாக வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் யாரும் மரியாதைக்குச் சிரிக்கவில்லை. கை சிவக்கச் சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னாசி ஏன் என் கால்மேல் காலை வைத்தான் என்று அப்போது புரிந்தது. செருப்பு போனால் போகட்டும்.

செப்டம்பர் 20

கொரைரா அண்ணன் போன் செய்திருக்கிறார். நான் எடுக்காததால் எழுதி அனுப்பினார். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்: 'தங்கச்சி, அன்னைக்கு எங்க ஊர்ல நீங்க பாடுனது ஒண்ணும் கேக்கல. அதனால ஊர்க்கூட்டம் கூடிப் பேசி ஒன்ஸ்மோர் கேக்குது. அக்டோபர் 5, செபமாலை மாதாவுக்குக் கொடியேத்தம். வயரை நானே கட்டுதேன்.'

கேலி செய்கிறாரோ என்று முதலில் நினைத்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். கேலியாகவும் இருக்கிறது, கூப்பிடுவதாகவும் இருக்கிறது. எங்கள் கடற்கரையில் இரண்டையும் ஒன்றாகத்தான் பரிமாறுவார்கள். வருகிறேன் என்று பதில் போட்டேன்.

இன்று ஒரு பாட்டு எழுதினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்கிறார்களே, செவிடியே சங்கை எடுத்து ஊதினால் என்ன ஆகும் என்று தொடங்கியது.

செப்டம்பர் 27

இன்று சென்னையில் மழை பெய்தால் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 29

மழை பெய்யவில்லை. இன்னாசி வந்துவிட்டான். என் தலையைப் பார்த்து வாசலிலேயே நின்றான். பிறகு மழித்த பக்கமாக வந்து உட்கார்ந்தான். இனிமேல் அதுதான் அவன் பக்கம்.

பாடின பெண் நன்றாகப் பாடினாளாம். மைதானம் நிறைந்ததாம். ஹரி மேடையில் என் பெயரைச் சொன்னானாம், கூட்டம் எழுந்து நின்றதாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, தோசைக்குச் சட்னியைத் தொட்டுக்கொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. என்னல என்றேன்.

"ரெண்டாவது பாட்டுல ஒரு குச்சி கைநழுவி விழுந்துட்டு. எடுக்கக் குனிஞ்சேன். டிரம்ஸ் சத்தம் அதுபாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு. எனக்கு மாட்டுன மைக் ஒண்ணுலயும் வயரே இல்லட்டி."

எல்லாம் முன்பே பதிந்து வைத்த சத்தம். அவன் அதற்கப்புறமும் விடாமல் முழுப் பலத்தோடு வாசித்தானாம், கடைசிப் பாட்டு வரை. யாருக்குக் கேட்டது என்று நான் கேட்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. நான் எழுந்து போய் அவன் பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். புதுப் பாட்டை எடுத்து நீட்டினேன். படித்தான். தோசையை முடித்தான். கையைக் கழுவிவிட்டு வந்து பெட்டிமேல் உட்கார்ந்தான்.

அக்டோபர் 5, பெரியமணல்

மேடைக்குப் பலகை போடச் சொல்லியிருந்தேன். மீன்பிடி வள்ளத்துப் பலகை போட்டிருந்தார்கள், உப்பு வாசனை அடித்தது. கொரைரா அண்ணன் ஸ்பீக்கர் வயரைத் தூணோடு சேர்த்து நைலான் கயிற்றால் கட்டி, பாய்மர முடிச்சுப் போட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புயலடித்தாலும் அந்த வயர் பிடுங்காது.

நான் மேடையேறியதும் சிரிப்பு ஓடியது. எனக்குக் கேட்கவில்லை, தோள்கள் குலுங்குவது தெரிந்தது. சிவப்பு மெஷினைக் கழற்றி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினேன். அன்றைக்கு உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை, கணக்கு சரியாகிவிட்டது என்றேன். மெஷினை முதல் வரிசைப் பெண்மணியின் மடியில் பத்திரமாகக் கொடுத்தேன். அன்றைக்கு இட்லி ஊட்டியவள்தான். குழந்தை அதை வாயில் வைக்கப் பார்த்தது.

செருப்பில்லாமல் நின்றேன். இன்னாசி பெட்டியை என் காலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். நான் ஒரு வரி பாடுவேன், நீங்கள் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும், அது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பதில்தான் என்று ஊரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கினேன்.

செவிடன் காதுல சங்கு ஊதுனா சேதியா?
செவிடியே ஊதுறேன், செவி இருக்கா ஒனக்கு?
ஊரு சொல்லுச்சு போதும்னு, ஒண்ணும் கேக்கல!
வயசு சொல்லுச்சு வீட்டுக்குப் போன்னு, ஒண்ணும் கேக்கல!

முதல் தடவை நான் மட்டும் சொன்னேன். இரண்டாவது தடவை ஊர் சொன்னது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், பலகை சொன்னது. மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து மேடையைப் பிடித்துக்கொண்டு அடித்தார்கள். கொரைரா அண்ணன் வயரை விட்டுவிட்டு வந்து அடித்தார். இத்தனை பெரிய சத்தத்தை நான் எந்த மைதானத்திலும் கேட்டதில்லை. உள்ளங்கால் எரிந்தது. என் காதைத் தின்ற சத்தம் எல்லாம் கால் வழியாகத் திரும்ப வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. நான் அழவில்லை. அழுதால் சுருதி ஆடும்.

பாட்டு முடிந்தது. ஊர் நின்ற இடத்திலேயே கத்திக்கொண்டிருந்தது. எல்லா வாயும் திறந்திருந்தது, எல்லாக் கையும் உயர்ந்திருந்தது. பாட்டை விடாமல் பாடுகிறார்களா, வயர் மறுபடி பிடுங்கிவிட்டதா, ஒன்றும் விளங்கவில்லை. இன்னாசி பக்கம் குனிந்தேன்.

"என்னல சொல்லுதாங்க? ஒன்ஸ்மோரா, ஒண்ணும் கேக்கலையா?"

அவன் வேர்த்து ஒழுகிக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, எனக்குத் தெரியும்படி சொன்னான்.

"ரெண்டும் ஒண்ணுதான்ட்டி."

அவன் காலைத் தூக்கி என் கால்மேல் வைத்தான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.